பந்து வராத ஓட்டம்

பர்மிங்ஹாமில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "நீ அலபாமாவா, ஆபர்னா?" இது இங்கிலாந்து பர்மிங்ஹாம் இல்லை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் பர்மிங்ஹாம். சொந்த ஊரைத்தான் ஏதோ ஒரு தினுசில் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "திருநெல்வேலி" என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டு, "அடுத்த சீசனுக்குள் முடிவு பண்ணிவிடு" என்றார்.

இரண்டும் பல்கலைக்கழகங்கள். இரண்டுக்கும் அமெரிக்கக் கால்பந்து அணி உண்டு. புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி இன்னொரு கட்சி என்றால், காரின் முன்பக்கப் பலகையில் பாதி ஒரு சின்னம், பாதி மற்றொரு சின்னம் என்று வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வண்டிகளை நெடுஞ்சாலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடையில் பில் போடும் பெண் "நன்றி" சொல்வதற்குப் பதில் "ரோல் டைட்" என்பார். அது அலபாமா அணியின் கோஷம். பதிலுக்கு நாமும் அதையே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

எனக்கு இந்த ஆட்டம் பிடிபட இரண்டு வருஷம் ஆனது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் தெரிவது ஒரு குவியல்தான். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, முன்னேறினால் மறுபடி நான்கு, இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. கணக்கு இவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் இருபத்திரண்டு பேர் மோதிக்கொள்வதில் பந்து எங்கே போனது என்றே தெரியாது.

எங்கள் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். இளமையில் சின்னக் கல்லூரி ஒன்றில் வைட் ரிசீவராக ஆடியவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் தயிர்சாதத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். "நீ பந்தைப் பார்க்கிறாய். எல்லாரும் அப்படித்தான். ஓரத்தில் தனியாக ஒருத்தன் நிற்கிறான் பார், அவனைக் கவனி. பந்து அவனிடம் வராது. இருந்தாலும் அவனையே பார்."

அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஆட்டம் திறந்தது.

வைட் ரிசீவர் என்பவர் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நின்று, பந்து ஆட்டத்துக்கு வந்ததும் ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய எழுபது ப்ளே, அதாவது முன்னேறும் முயற்சி, கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதோ வேறு யாருக்காவது எறிவதோதான். நல்ல ரிசீவருக்கு ஆறேழு பந்து கிடைத்தால் அது நல்ல நாள். மீதி நேரமெல்லாம் பந்து வராத ஓட்டம். அதையும் முழு வேகத்தில் ஓட வேண்டும். ஒரு முறை சோம்பினால், 'இவன் மெதுவாக ஓடினால் பந்து இவனுக்கு இல்லை' என்று எதிரே நிற்பவன் கண்டுபிடித்துவிடுவான்.

நான் ஓரத்தில் நிற்பவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் அலபாமா அணியின் ஓரத்தில் நின்ற புதுப் பையன்களில் ஒருவர் டெவோன்டா ஸ்மித்.

2017-ல் முதலாண்டு மாணவராக வந்தவர். லூசியானா மாநிலத்தில் ஏமீட் என்ற சிற்றூர்க்காரர். சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊர், நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்கே, வருஷா வருஷம் கடல்சிப்பித் திருவிழா நடத்தும் ஊர். உயரம் ஆறடி, ஆனால் உடம்பில் சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தோள்பட்டைக் கவசம் போட்டால் ஹேங்கரில் சட்டை மாட்டியது மாதிரி இருக்கும். நம் ஊராக இருந்தால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அத்தையும் "பிள்ளைக்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்டிருப்பார்.

அந்த முதல் வருஷம் முழுக்க ஸ்மித் பிடித்தது எட்டே எட்டு பந்து. எட்டில் மூன்று டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் போய் எடுக்கும் ஆறு புள்ளி. நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக ஆட்டம் முடிய 25 நொடி இருக்கும்போது ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்த பந்தைப் பிடித்து அணியை ஜெயிக்க வைத்தார். அப்போது அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அணியின் முதன்மை ரிசீவர் கால்வின் ரிட்லி, அவருக்குப் பிறகுதான் மற்றவர்கள்.

அப்புறம் வந்தது 2018 ஜனவரி 8.

தேசியக் கோப்பை இறுதியாட்டம், அட்லாண்டாவில், ஜார்ஜியாவுக்கு எதிராக. அன்றிரவு பெரியவர் வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தோம். பாதி ஆட்டம் முடிந்தபோது அலபாமா 0, ஜார்ஜியா 13. வீட்டில் யாரும் பேசவில்லை, கோழி இறக்கைகள் தட்டிலேயே ஆறிக்கொண்டிருந்தன. இடைவேளைக்குப் பிறகு பயிற்சியாளர் நிக் சேபன், இரண்டு வருஷமாக அணியை நடத்திவந்த ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த இடதுகைக்காரப் பையன் தூவா டாங்கோவைலோவாவை இறக்கினார். அவரும் முதலாண்டு மாணவர்தான். இறுதியாட்டத்தின் நடுவில் குவார்ட்டர்பேக்கை மாற்றுவதெல்லாம் சாமானியத் துணிச்சல் இல்லை. தோற்றிருந்தால் சேபனை ஊரே தின்றிருக்கும்.

ஆட்டம் 20-20 என்று சமனானது. கடைசி நொடியில் அலபாமா உதைத்த எளிய ஃபீல்ட் கோல், கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெளியே போனது. கூடுதல் நேரம். ஜார்ஜியா 51 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 23-20 என்று முன்னே போனது. அடுத்து அலபாமாவின் முறை. முதல் ப்ளேயிலேயே டாங்கோவைலோவா பந்தை எறியாமல் இழுத்தடித்து, பின்னாலேயே ஓடி, 16 யார்டு பின்னடைவோடு மாட்டிக்கொண்டார். இப்போது இரண்டாவது வாய்ப்பு, போக வேண்டியது 26 யார்டு. பெரியவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த ப்ளேயில், இடது ஓரத்தில் நின்ற ஸ்மித் நேர்க்கோட்டில் ஓடினார். வளைவு நெளிவு எதுவும் இல்லை. தன்னைக் காத்து நின்ற ஆளைத் தாண்டினார். பந்து மேலிருந்து மடியில் விழுவது மாதிரி வந்தது. 41 யார்டு. ஆட்டம் முடிந்தது, 26-23. சமையலறையிலிருந்து பெரியவர் கையில் ஐஸ் தட்டோடு ஓடி வந்தார். பாதி ஐஸ் கம்பளத்தில்.

அன்றைய ஆட்டம் முழுவதிலும் ஸ்மித் பிடித்த பந்து அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து அலபாமாவில் '2-க்கு 26' என்றால் குழந்தைக்கும் தெரியும். டி-சர்ட்டில் அச்சடித்தார்கள். பத்தொன்பது வயதில் ஒருவருக்கு இப்படி ஒரு பந்து கிடைத்தால், அதற்குப் பிறகு என்ன ஆவார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. எத்தனையோ ஆட்டக்காரர்களுக்கு அந்த ஒரு பந்தோடு கதை முடிந்திருக்கிறது. பிறகு ஊர்த் திருவிழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்துவார்கள், அவ்வளவுதான்.

ஸ்மித் அடுத்த வருஷம் மறுபடியும் வரிசையில் நின்றார். 2018-ல் ஜெரி ஜூடி வெளுத்து வாங்கினார். நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது அவருக்குத்தான். ஹென்றி ரக்ஸ் மின்னல் வேகம். புதிதாக வந்த ஜெய்லன் வாடில் கையில் பந்து வந்தால் பம்பரம். இந்த மூவருக்கும் நடுவில் ஸ்மித் 42 பந்து பிடித்தார். தொடைத் தசைப்பிடிப்பால் சில ஆட்டங்களும் போயின. ஒரே அணியில் ஒரே சமயத்தில் நான்கு ரிசீவர்கள், பின்னாளில் நான்கு பேருமே தொழில்முறைக் கழகமான என்.எஃப்.எல். தேர்வின் முதல் சுற்றில் போனவர்கள். இருப்பதோ ஒரு பந்து.

இந்த வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பெரியவர் எனக்குச் சொன்னபடி.

ரிசீவர் ஓடும் பாதைக்கு ரூட் என்று பெயர். பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எண் போட்டு, ஒரு மரத்தின் கிளைகள் மாதிரி வரைந்து வைத்திருப்பார்கள். இரட்டைப்படை எண் என்றால் மைதானத்தின் உள்பக்கம் திரும்ப வேண்டும், ஒற்றைப்படை என்றால் வெளிப்பக்கம். ஒன்பது என்றால் திரும்பாமல் நேரே. இதை மனப்பாடம் செய்வது ஒரு வாரத்து வேலை. கடினமானது வேறு: பத்து ரூட்டும் முதல் சில அடிக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும். எதிரே நிற்கும் கார்னர்பேக்குக்கு எங்கே திரும்பப் போகிறோம் என்று கடைசிவரை தெரியக் கூடாது.

சடுகுடு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பாடிப் போகிறவன் தோளை ஒரு பக்கம் காட்டிக் காலை மறுபக்கம் வைப்பானே, அதேதான். ஸ்மித் கோட்டில் நின்று முதல் அடி வைப்பதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எதிராளி கையை நீட்டி நெஞ்சில் தள்ளப் பார்ப்பான். அந்தக் கை வந்து சேரும்போது நெஞ்சு அங்கே இருக்காது. ஒல்லி உடம்புக்கு இதில் ஒரு வசதி. பிடிக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

பிடிப்பதிலும் ஒரு ரகசியம் உண்டு. நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் சேர வேண்டும், கீழே வரும் பந்துக்கு இரண்டு சுண்டுவிரலும். கையுறையின் உள்ளங்கை சிலிக்கோன் பூச்சோடு ஒட்டும். ஆனாலும் பிடிப்பது கையுறை இல்லை. பந்தை எறியும் இயந்திரம் ஒன்று வைத்திருப்பார்கள். பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போன பிறகும் அதன் முன்னால் நின்று நூறு, இருநூறு என்று பிடிப்பவர்கள்தான் தேறுவார்கள். ஸ்மித்திடம் இன்னொரு பழக்கம்: பந்து பக்கத்தில் வரும்வரை கையைத் தூக்கவே மாட்டார். கையைத் தூக்கினால் முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் காவல்காரனுக்குப் பந்து வருவது தெரிந்துவிடும். கடைசி நொடியில் இரண்டு கையும் எங்கிருந்தோ முளைக்கும்.

அப்புறம் தடுப்பு. சக வீரர் பந்தோடு ஓடும்போது ரிசீவர் எதிராளியைத் தடுத்து வழிவிட வேண்டும். நட்சத்திர ரிசீவர்கள் பலர் இதில் ஒப்புக்குக் கையை நீட்டுவார்கள். ஸ்மித் தன்னைவிட இருபது கிலோ கூடுதலானவனைப் போய் முட்டுவார். பெரியவருக்கு டச்டவுனைவிட அதுதான் பிடிக்கும். "அதற்குப் புள்ளிவிவரம் கிடையாது" என்பார்.

நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். 2019 செப்டம்பர் 28, டஸ்கலூசாவின் பிரையன்ட்-டென்னி மைதானம், எதிரணி ஓல் மிஸ். பர்மிங்ஹாமிலிருந்து ஒரு மணி நேரம் கார். அலுவலக நண்பர் ஒருவருக்கு வேலை வந்துவிட்டதால் டிக்கெட் என் கைக்கு வந்தது. மேலடுக்கு இருக்கை, அலுமினியப் பலகை. செப்டம்பர் கடைசி வெயில் நெல்லையை நினைவூட்டியது. ஒரு லட்சம் பேர் சிவப்புச் சட்டையில் உட்கார்ந்திருப்பதை மேலிருந்து பார்த்தால் மிளகாய் காயவைத்த களம் மாதிரி இருந்தது.

பந்தைப் பார்க்கக் கூடாது, ஸ்மித்தின் சட்டையில் இருக்கும் ஆறாம் எண்ணை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஓடினார், திரும்பினார், தட்டுத்தடுமாறித் தன் இடத்துக்கு நடந்து வந்தார். மறுபடி ஓடினார். அப்புறம் ஒரு ப்ளேயில் மூன்றடி நேரே வைத்து, சட்டென்று குறுக்காக உள்ளே வெட்டினார். பந்து ஏற்கெனவே அங்கே இருந்தது. அவ்வளவுதான் தெரியும், 74 யார்டு ஓடி எல்லைக்குள் போய்விட்டார். பிறகு இன்னொன்று. இன்னொன்று. என் பக்கத்தில் இருந்த பாட்டி, முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், ஒவ்வொரு முறையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான்காவது டச்டவுனுக்குப் பிறகு உட்காருவதை நிறுத்திவிட்டார்.

அன்று ஸ்மித்துக்கு 11 பந்து, 274 யார்டு, 5 டச்டவுன். பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே அதற்கு முன் யாரும் ஒரே ஆட்டத்தில் அவ்வளவு செய்ததில்லை. ஆட்டம் 59-31. முடிந்ததும் மற்றவர்கள் தோளில் தட்டிக்கொடுக்க, அவர் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு அவரிடம். பேட்டிகளில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வாங்குவது நிருபர்களுக்குக் கஷ்டம்.

அந்தச் சீசனின் மொத்தக் கணக்கு 68 பந்து, 1,256 யார்டு, 14 டச்டவுன். மூன்றாம் ஆண்டு முடித்தவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம். ஜூடியும் ரக்ஸும் கிளம்பினார்கள், 2020 தேர்வில் ரக்ஸ் 12-வது, ஜூடி 15-வது. ஸ்மித் போகவில்லை. நான்காம் ஆண்டும் படிக்கிறேன் என்று தங்கிவிட்டார்.

பலர் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். ஏன் என்று புரிய இங்கே பணக் கணக்கைப் பார்க்க வேண்டும். அன்றைய விதிப்படி கல்லூரி வீரருக்குச் சம்பளம் கிடையாது. படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு. தன் பெயர் போட்ட சட்டையைக்கூட விற்கக் கூடாது. பயிற்சியாளர் சேபனின் ஆண்டு வருமானமோ 90 லட்சம் டாலரை ஒட்டி. மைதானத்தில் ஒரு முழங்கால் பிசகினால் வீரருக்கு அந்த எதிர்காலமே போச்சு. கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட என்.எஃப்.எல்.லுக்குப் போவதில்லை என்பது வேறு. போக வாய்ப்புள்ளவர் ஒரு வருஷம் சும்மா ஆடுவது என்றால்? வீரர்கள் தங்கள் பெயராலும் முகத்தாலும் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது 2021 ஜூலை 1-ல். ஸ்மித் கல்லூரியை விட்டுப் போய் சில மாதங்கள் கழித்து. இன்று அவரளவு பெயர் பெற்ற கல்லூரி ரிசீவருக்கு லட்சக்கணக்கில் டாலர் வரும். அவருக்கு ஒரு செருப்பு விளம்பரம்கூடக் கிடையாது. எனக்கு இதில் இன்றுவரை ஆறாத எரிச்சல் உண்டு. பெரியவருக்கு இல்லை. "எங்கள் காலத்தில்..." என்று ஆரம்பித்துவிடுவார்.

2020 கொரோனா ஆண்டு. 'மாநாடு' என்று இங்கே சொல்லும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் அணிகளோடு மட்டும் பத்து ஆட்டம், மைதானத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள். முதல் நான்கு ஆட்டத்திலும் வாடில் நூறு யார்டைத் தாண்டினார், மொத்த யார்டுக் கணக்கில் ஸ்மித் அவருக்கு அடுத்த இடத்தில். ஐந்தாவது ஆட்டம் டென்னசியோடு. முதல் உதையிலேயே வாடிலின் கணுக்கால் முறிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வீட்டுக்குள் அடைந்து கிடந்தபடி டிவியில் பார்த்தோம். வாடில் இல்லை, ஜூடி இல்லை, ரக்ஸ் இல்லை. காவலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். யாருக்குப் பந்து போகும் என்று அமெரிக்கா முழுவதற்கும் தெரியும், இருந்தும் நிறுத்த முடியவில்லை. டிசம்பர் 5-ம் தேதி பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யு.வுக்கு எதிராக 231 யார்டு, 3 டச்டவுன். எல்.எஸ்.யு. அவருடைய சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம், ஏமீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். அங்கே போகாமல் அலபாமாவுக்கு வந்தவர் என்ற கோபம் அந்த ஊர்க்காரர்களுக்கு. அதில் ஒரு டச்டவுனை, நாட்டின் மிகச் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவரான டெரெக் ஸ்டிங்லியின் தலைக்கு மேலே எம்பி ஒற்றைக் கையால் பிடித்தார். அதை நான் ஒரு இருபது தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன். மாங்காய் பறிப்பது மாதிரி ஒரு கை, மற்றக் கை சும்மா தொங்குகிறது.

அடுத்த வாரம் ஆர்கன்சாவுக்கு எதிராக உதைத்து வந்த பந்தை வாங்கி 84 யார்டு ஓடினார். ஃப்ளோரிடாவுக்கு எதிராக 15 பந்து. நோட்டர்டேமுக்கு எதிரான அரையிறுதியில் மூன்று டச்டவுன்.

2021 ஜனவரி 5-ல் ஹைஸ்மன் கோப்பை ஸ்மித்துக்கு என்று அறிவித்தார்கள். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருது. பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குக்குப் போகும், தப்பினால் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு. அதற்கு முன் ரிசீவர் ஒருவருக்குக் கடைசியாகக் கிடைத்தது 1991-ல், மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹோவர்டுக்கு. காரணம் எளிது: ரிசீவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் யாராவது எறிந்தால்தான் உண்டு. ஸ்மித் இறுதிச்சுற்றில் தோற்கடித்தவர்களில் ஒருவர் அவருக்கே பந்து எறிந்த குவார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ். கொரோனாவால் மேடை, கூட்டம் எதுவும் இல்லாமல் திரையில் நடந்த விழாவில், உடம்பு போதாது என்று சொல்லப்பட்டு வளர்ந்த சிறுவர்களை நினைத்து நாலு வார்த்தை சொன்னார்.

ஆறு நாள் கழித்து மயாமியில் ஒஹாயோ ஸ்டேட்டோடு இறுதியாட்டம். முதல் பாதியிலேயே 12 பந்து, 215 யார்டு, 3 டச்டவுன். அவ்வளவும் அரை ஆட்டத்தில். ஒரு கட்டத்தில் அவரைக் காக்க ஒரு லைன்பேக்கர், அதாவது பாரம் தாங்கும் ஆள், வந்து மாட்டினார். ஸ்கூட்டியை லாரி துரத்திய கதைதான். மூன்றாம் பகுதித் தொடக்கத்தில் விரல் மூட்டு நழுவி வெளியே போனார். அதற்குள் ஆட்டம் முடிந்த மாதிரிதான், 52-24.

புள்ளிவிவரப் பைத்தியங்களுக்கு ஒன்று: ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் அவர் பெற்ற புள்ளிகள் 1,856. இறுதியாட்டம் முடிந்தபோது அந்தச் சீசனில் அவர் பந்து பிடித்துச் சேர்த்த யார்டுகளும் 1,856. விருதை அறிவித்தபோது அந்த எண் 1,641-ல்தான் இருந்தது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு என்ன?" என்றாள். நியாயமான கேள்விதான்.

நான்கு வருஷத்தில் 235 பந்து, 3,965 யார்டு, 46 டச்டவுன். யார்டிலும் டச்டவுனிலும் அந்த மாநாட்டின் சாதனை.

சரி, இவ்வளவு செய்த பிறகு சந்தேகம் தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். என்.எஃப்.எல். தேர்வுக்கு முன் மருத்துவப் பரிசோதனையில் எடை 166 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். இந்த உடம்பு தாங்குமா, இந்த எடையில் யார் நிலைத்திருக்கிறார்கள் என்று டிவியில் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் வாரக்கணக்கில் பேசினார்கள். அவரை எடைபோட்ட தராசுக்குக் கொடுத்த மரியாதையில் பாதிகூட 235 பந்துக்குக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்துவிட்டு "பொண்ணு நல்லா இருக்கு, கொஞ்சம் ஒல்லி" என்று இழுக்கிற கூட்டம் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

2021 ஏப்ரல் 29-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி பேரம் பேசி இரண்டு இடம் முன்னேறி வந்து அவரைப் பத்தாவதாக எடுத்தது. வாடில் ஆறாவதாக மயாமிக்குப் போனார். அங்கே குவார்ட்டர்பேக் யார்? டாங்கோவைலோவா. ஃபிலடெல்ஃபியாவில் யார்? ஜேலன் ஹர்ட்ஸ். அட்லாண்டாவில் இடைவேளையில் உட்கார வைக்கப்பட்டவர். அன்று ஹர்ட்ஸ் உட்கார்ந்ததால் எழுந்த டாங்கோவைலோவா எறிந்துதான் ஸ்மித்தின் பெயர் வெளியே தெரிந்தது. கதையில் எழுதினால் செயற்கை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த நால்வரில் ரக்ஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2021 நவம்பரில் லாஸ் வேகாஸில் குடித்துவிட்டு அசுர வேகத்தில் காரோட்டி மோதியதில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் எரிந்து இறந்தார். ரக்ஸுக்குச் சிறை. பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது அவர் ஓடும் காட்சி வந்தால் எனக்கு இன்றும் என்ன செய்வதென்று தெரியாது.

75 கிலோ உடம்பு தாங்கியது. முதல் வருஷமே 916 யார்டு, அந்த அணியில் புதுமுக ரிசீவருக்கு அதுவரை இல்லாத அளவு. 2023 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியில் 100 யார்டு பிடித்தும் தோல்வி. மறுபடி 2025 பிப்ரவரி 9, அதே கான்சஸ் சிட்டியோடு, இந்த முறை நியூ ஆர்லியன்ஸில். ஏமீட்டிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் வரும் நகரம். மூன்றாம் பகுதியில் ஹர்ட்ஸ் பந்தை உயரத் தூக்கி எறிந்தார். 46 யார்டு. ஸ்மித் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. அப்புறம் தூக்கினார். அப்போது கணக்கு 34-0.

நான் இப்போது அலபாமாவில் இல்லை. பெரியவரும் ஓய்வுபெற்றுவிட்டார். அன்றிரவு போன் செய்தேன். எடுத்ததும் "பார்த்தாயா?" என்றார். பார்த்தேன் என்றேன். சூப்பர் பவுலைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். "அட்லாண்டா ப்ளேயை இன்னொரு தடவை போட்டுப் பார், டிவியில் காட்டியது வேண்டாம், மேலிருந்து எடுத்த படம்" என்றார்.

போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுத் தேடி எடுத்தேன். ஏழு வருஷமாக நான் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ப்ளேயில் நான்கு பேர் நேராக ஓடுகிறார்கள். டாங்கோவைலோவா முதலில் பார்ப்பது இடப்பக்கம் இல்லை. தலையை மறுபக்கம் வைத்திருக்கிறார். நடுவில் நிற்கும் கடைசிக் காவல்காரன் அந்தக் கண்ணையும், தன்னை நோக்கி முழு வேகத்தில் ஓடிவரும் ரிசீவர்களையும் நம்பி அங்கேயே ஒரு நொடி நிற்கிறான். பிறகு இடது பக்கம் ஓடுகிறான். அதற்குள் ஸ்மித் கடந்துவிட்டார். மற்ற மூவரையும் எந்த டி-சர்ட்டிலும் யாரும் அச்சடிக்கவில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

"நீங்கள் கல்லூரியில் மொத்தம் எத்தனை பிடித்தீர்கள்?" இத்தனை வருஷத்தில் இதைக் கேட்காமலே விட்டிருக்கிறேன்.

"பதினொன்று. நாலு வருஷத்தில்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினார். முதலாவது மழையில், சேற்றில், தோற்ற ஆட்டம். இரண்டாவது ஏழு யார்டு, அவருடைய அப்பா வந்திருந்த ஒரே ஆட்டம். அடுப்பில் ரசம் பொங்கும் வாசனை வந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் மூன்றாவதில் இருந்தார்.